மழைமானி வாங்கிப் பதினாறு மாதம் ஆகிறது

இந்த மாதிரிக் கருவிகளுக்கு இணையத்தில் வரும் மதிப்புரைகளில் பாதி, பெட்டி வீட்டுக்கு வந்த மறுநாளே எழுதப்பட்டவை. "பேக்கிங் அருமை", "டிஸ்பிளே பளிச்சென்று இருக்கிறது", "சொன்ன தேதிக்கு முன்பே வந்துவிட்டது" என்று ஐந்து நட்சத்திரம். மழை பெய்வதற்கு முன்பே மழைமானிக்கு நட்சத்திரம் போட்டால் என்ன செய்வது? வாங்கும்போது நானும் அவற்றைத்தான் படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. அதனால் இரண்டு மழைக்காலம் பொறுத்திருந்து இதை எழுதுகிறேன். இந்தப் பதினாறு மாதத்தில் தெருவில் தண்ணீர் நின்றது மூன்று முறை, வீட்டுக்குள் வந்தது ஒரு முறை.

நான் தையல் வேலை செய்கிறவள். கீழ்த்தளத்தில் நான்கு தையல் மிஷின், ஒரு ஓவர்லாக், ஒரு கட்டிங் டேபிள். ஆறு வீட்டிலிருந்து நானூறு மீட்டர் தூரம். வாசலில் மூன்று படி. அலமாரியில் இருக்கும் துணியெல்லாம் அடுத்தவர் கொடுத்தது. அது நனைந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான். முந்தைய ஆண்டு ஒரு மாலை மழையில், அரை மணி நேரத்துக்குள் தெருத் தண்ணீர் படியேறி வந்து கீழ்த்தட்டுத் துணிகளை நாசம் செய்துவிட்டது. மிஷின் ஓடும் சத்தத்தில் வெளியே எவ்வளவு கொட்டுகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் அலாரம் அடிக்கும் மழைமானி வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே அச்சில் வார்த்த இதே பெட்டியை வேறு வேறு பெயர் ஒட்டிப் பலர் விற்கிறார்கள். வெளியே வைக்க ஒரு புனல் பெட்டி, உள்ளே வைக்க உள்ளங்கை அளவு டிஸ்பிளே. இரண்டுக்கும் நடுவே ஒயர் கிடையாது. புனலுக்கு இரண்டு பென்சில் பேட்டரி, டிஸ்பிளேவுக்கு மூன்று. விற்கும் பக்கத்தில் படத்தைப் பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரிந்துவிடும்.

புனலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சின்னதாக ஒரு சீசாப் பலகை. இரண்டு பக்கமும் கரண்டி மாதிரி ஒரு குழி. மழை ஒரு குழியை நிரப்பியதும் பலகை சாய்ந்து அதைக் கொட்டிவிட்டு அடுத்த குழியை நீட்டும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் ஒரு சுவிட்சைத் தட்டும். ஒரு தட்டு என்றால் 0.2 மி.மீ. மழை. அவ்வளவுதான் எந்திரம். 1662-ல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் ரென் யோசித்த ஏற்பாடு, இன்னும் பெரிதாக மாறவில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. பாபின் சுற்றுவதைப் பார்ப்பது போல, கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரம்.

மி.மீ. என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உதவிக்கு வரும் பெண்கூட முதலில், "அக்கா, நாற்பது மி.மீ. தானே? ரெண்டு விரக்கடை தண்ணிக்கா இவ்ளோ பயம்?" என்றாள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மி.மீ. மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து லட்சம் லிட்டர், அதாவது ஆயிரம் டன். 100 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 50 மி.மீ. பெய்தால் 500 கோடி லிட்டர். இரண்டு விரற்கடை உயரத் தண்ணீர் விழுந்த இடத்திலேயே நின்றால் யாருக்கும் தொல்லையில்லை. அது நிற்பதில்லை. எல்லாம் ஒன்றுசேர்ந்து பள்ளத்துக்கு ஓடி வருகிறது, பள்ளத்தில் நாம் இருக்கிறோம்.

மாட்டுவது பற்றி. கையேட்டில் "திறந்த இடத்தில் வைக்கவும்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நம்பி நான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். தொட்டியில் பட்டுத் தெறித்த தண்ணீரும் மழைக் கணக்கில் சேர்ந்தது. காற்று வேறு திசையில் அடித்த நாளில் தொட்டியே மறைத்துக்கொண்டு பாதி மழையைத் தின்றது. பக்கத்தில் இருக்கும் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும் என்பது வானிலைக்காரர்கள் கடைப்பிடிக்கும் விதி. இதைக் கையேடு சொல்லவில்லை. கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, பெட்டி துளிகூடச் சாயாமல் கம்பத்தில் முடுக்கினேன். ரசமட்டம் வைக்காமல் மாட்டியவர்கள் ஒருமுறை வைத்துப் பாருங்கள். பலகை ஒரு பக்கம் கனத்து நின்றால் எல்லா எண்ணும் பொய்.

அடுத்து, அளவு சரியா? துணி வெட்டுகிறவளுக்கு டேப்பின் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. பழைய இஞ்ச் டேப் இழுபட்டு அரை இஞ்ச் நீண்டிருக்கும். இதையும் சோதித்தேன். புனலின் வாய் 11 செ.மீ. குறுக்களவு, பரப்பு ஏறத்தாழ 95 சதுர செ.மீ. 1 மி.மீ. மழைக்கு 9.5 மில்லிலிட்டர் தண்ணீர். 190 மில்லிலிட்டரை ஒரு பாட்டிலில் ஊற்றி, மூடியில் ஊசியால் ஒரு துளை போட்டுப் புனலுக்கு மேல் கவிழ்த்து வைத்தேன். சொட்டிச் சொட்டி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 20 மி.மீ. காட்ட வேண்டும். காட்டியது 18.4. டிஸ்பிளேயின் மூன்றாவது மெனுவில் ஒரு திருத்த எண் இருக்கிறது, அதை 1.09 ஆக்கியதும் 20.0 வந்தது. இந்த மெனு இருப்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், நூல் கோக்கும் கண்ணாடி போட்டால்தான் படிக்கக்கூடிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். திருத்தம் செய்யாமல் வைத்திருக்கும் எத்தனை வீட்டில் மழை எட்டு சதவீதம் குறைவாகப் பெய்துகொண்டிருக்கிறதோ.

திருத்திய பிறகும் கனமழையில் குறைத்தே காட்டும். அது இந்தக் கம்பெனியின் குற்றமில்லை, சீசாவின் சுபாவம். பலகை சாய்கிற அந்த அரை நொடியிலும் மேலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது, அது கணக்கில் சேராமல் போகிறது. தூறலில் தெரியாது. கொட்டும்போது தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க, பேட்டரி இல்லாத சாதாரண உருளை மழைமானி ஒன்றையும் கூடவே மாட்டியிருக்கிறேன். புனலின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு பரப்புள்ள உள்குழாய். அதனால் 1 மி.மீ. மழை குழாயில் 1 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். கொரியாவில் மன்னர் சேஜோங் காலத்தில், 1441-ல், பாத்திரத்தில் மழை பிடித்து அளவுகோல் விட்டுப் பார்த்தார்களாமே, ஏறக்குறைய அதே வித்தை. என் நோட்டில் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தூறல் நாளில் வித்தியாசம் ஒன்றுமில்லை. கொட்டிய நாளில் சீசா 41 என்றால் குழாய் 45. குழாய் சொல்வதைத்தான் நான் நம்புகிறேன். ஆனால் குழாய் சத்தம் போட்டு என்னைக் கூப்பிடாது.

இனி வெள்ளம்.

வாங்கிய மூன்றாம் மாதம். மாலை அண்ணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் வீடு இதே ஆற்றின் மேல்பக்கம், அறுபது கிலோமீட்டர் தள்ளி. "ரெண்டு நாளா விடாம கொட்டுதும்மா, மாடி ஏறி இறங்க முடியல" என்றார்கள். நான் டிஸ்பிளேவைப் பார்த்துக்கொண்டே, "இங்க ஒண்ணுமே இல்லையே அண்ணி, வெறும் தூறல்" என்றேன். அன்றைய மொத்தம் 6.2 மி.மீ. புதுக் கருவி, புது நம்பிக்கை. அலாரத்தை மணிக்கு 30 மி.மீ. வேகத்துக்கு வைத்துவிட்டுப் படுத்தேன். இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க இறங்கியவர், கடைசிப் படியில் கால் வைத்ததும் கத்தினார். கீழ்த்தளத்தில் ஒரு சாண் தண்ணீர். வெளியே வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. என் மாடியில் விழுந்தது 6.2 மி.மீ. தான். வந்தது என் மழை இல்லை. அண்ணியின் மழை, அண்ணிக்கும் மேலே மலையில் இருப்பவர்களின் மழை. பெருக்கு ஆற்றில் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் இறங்குவதாக வைத்துக்கொண்டால், அறுபது கிலோமீட்டருக்குப் பதினோரு மணி நேரம். நான் அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தபோதே அது பாதி வழிக்கு மேல் வந்திருக்கும். இரண்டு நாள் முன்பே வானிலை மையம் மலைப் பகுதிக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தது. நான் என் பகுதிக்கு என்ன நிறம் என்று மட்டும் பார்த்தேன். மஞ்சள். சரி என்று விட்டுவிட்டேன். ஒருவருக்கு அளவெடுத்து இன்னொருவருக்குச் சட்டை தைப்பேனா? அதைத்தான் அன்றைக்குச் செய்தேன்.

இது என் அசட்டுத்தனம் மட்டும் என்று சொல்லவும் மனம் வரவில்லை. 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா மாகாணத்தில் நடந்ததைப் பிறகு படித்தேன். மலைப்பக்கம் இருக்கும் தூரிஸ் ஊரில் அன்று ஒரு நாளில் 771.8 மி.மீ., அதில் ஒரே மணி நேரத்தில் 184.6 மி.மீ. கீழே பைபோர்த்தாவில் மழை என்று சொல்லும்படி ஒன்றும் பெய்யவில்லை. வழக்கமாக வறண்டு கிடக்கும் ஓடை ஒன்றில் அத்தனையும் இறங்கி வந்து ஊருக்குள் புகுந்தது. கைபேசிகளுக்கு எச்சரிக்கை போனபோது இரவு எட்டு மணி தாண்டிவிட்டது, அதற்குள் பல தெருக்கள் மூழ்கிவிட்டன. அந்த மாகாணத்தில் 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று பைபோர்த்தாவில் யாராவது என்னுடையதைப் போல ஒரு மழைமானியை மாடியில் வைத்திருந்தால், அதுவும் வாயைத் திறந்திருக்காது.

ஆக, இந்தக் கருவிக்குப் பெட்டியின் மேல் "வெள்ள எச்சரிக்கை" என்று அச்சடித்திருப்பதைத்தான் நான் முதல் குறையாகச் சொல்வேன். மழை எச்சரிக்கை என்று போட்டிருந்தால் சண்டையே இல்லை. விற்றவர்களின் சேவை எண்ணுக்கு இதை எழுதினேன். "பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்" என்று பதில் வந்தது.

ஆனால் வெள்ளம் ஒரே வகை இல்லையே. கனமழை தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள், பல இடங்களில் அரை மணியில் ஒரு மணியில், தலைதூக்குவதைத் திடீர் வெள்ளம் என்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வருவது பெரும்பாலும் அதுதான். அங்கே இந்தக் கருவி வேறு முகம் காட்டியது. அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

இரண்டாம் மழைக்காலம், ஒரு பிற்பகல், 4.10. நான் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். ஓவர்லாக் சத்தத்தையும் மீறி டிஸ்பிளே கத்தியது. மழையின் வேகம் மணிக்கு 48 மி.மீ. மூன்று நிமிடத்தில் 72. அப்புறம் 90. இங்கே பார்க்க வேண்டியது மொத்தத்தை இல்லை, வேகத்தை. போன மாதம் ஒரு நாள் முழுக்கப் பரவலாகப் பெய்து 96 மி.மீ. ஆனபோது தெருவில் கால்கூட நனையவில்லை, வடிகால் நிதானமாகக் குடித்துக்கொண்டது. அன்றைக்கு 35 நிமிடத்தில் 41. எங்கள் தெருவும் பக்கத்துத் தெருக்களும் சேர்ந்து சுமார் பத்து ஹெக்டேர், எல்லாம் தாரும் சிமெண்டும். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் பெய்தால், பத்தில் ஒன்பது பங்கு அப்படியே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நொடியும் 1,500 லிட்டர் தெருமுனைக்கு வந்து நிற்கும். அதே இடம் வெறும் மண்ணாகவும் செடியாகவும் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். எங்கள் வடிகாலின் வாயில் அன்றைக்கு ஒரு பழைய பாய் வேறு சொருகிக் கிடந்தது.

உதவிக்கு வரும் பெண்ணும் நானும் பேசிக்கொள்ளவே இல்லை. கீழ்த்தட்டுத் துணிக் கட்டுகள் கட்டிங் டேபிளுக்கு, அதற்கு மேல் பரணுக்கு. மிஷின் அடியில் இருக்கும் மோட்டார்கள் கழற்றி மேலே. மெயின் சுவிட்சை நானே அணைத்தேன், தரை காய்ந்திருக்கும்போதே. நனைந்த பிறகு அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது. 4.35-க்குத் தெருவில் தண்ணீர் தெரிந்தது. 4.50-க்கு இரண்டாம் படி. மூன்றாம் படியைத் தொடாமல் நின்றது. ஒரு நூல் கண்டுகூட நனையவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். வாசற்படியில் நிற்பவளுக்கு அரை சாணும் கணக்குதான், இருபது நிமிடமும் கணக்குதான். அந்த இருபது நிமிடத்தைக் கொடுத்தது இந்தப் பெட்டி.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "முழங்காலுக்குக் கீழதான் ஆன்ட்டி." விரைந்து ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், 30 செ.மீ. இருந்தால் சின்னக் காரை நகர்த்தும், 60 செ.மீ.க்குப் பெரும்பாலான வண்டிகள் போய்விடும். இதையெல்லாம் அவனுக்குச் சொல்ல நேரமில்லை. சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அவன் அம்மா இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

35 நிமிடத்தில் 41 மி.மீ. என்று பெருமையாகச் சொன்னேன் இல்லையா, அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் ஹோல்ட் என்ற ஊரில் 1947-ல் 42 நிமிடத்தில் 305 மி.மீ. கொட்டியிருக்கிறது. ரீயூனியன் தீவின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. அந்த மழையில் இந்தச் சின்ன சீசா என்ன ஆட்டம் ஆடியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

இப்போது உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். இந்தக் கருவி கெட்டுப்போனால் சொல்லாது. ஒரு நாள் இரவு நல்ல மழை, ஓடு அதிரும் சத்தம், டிஸ்பிளே 1.8 என்கிறது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் புனலின் துளையில் ஒரு இலை ஒட்டிக்கொண்டு, புனல் விளிம்புவரை தண்ணீர் நிற்கிறது. கையால் எடுத்துவிட்டேன். மறுநாள் வெயிலடிக்கும்போது புனலில் மிச்சமிருந்த தண்ணீர் சொட்டி, "மழை" என்று கத்தியது வேறு கதை. இலை இல்லாத நாளில் காக்கை எச்சம். எச்சம் இல்லாத நாளில் சிலந்தி. ஒரு தடவை பலகைக்கு அடியில் சிலந்தி பின்னிய வலையில் சீசா அசையாமல் பிடிபட்டு இருந்தது. டிஸ்பிளேயில் சிக்னல் கோடு முழுதாக இருக்கும், பேட்டரி முழுதாக இருக்கும், மழை மட்டும் சுழியம். மழை இல்லாத சுழியத்துக்கும் அடைத்துக்கொண்ட சுழியத்துக்கும் வித்தியாசம் காட்ட இதற்கு வழியில்லை. எச்சரிக்கைக் கருவிக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியுமா? லைனிங்குக்கு வைத்திருந்த நைலான் வலைத் துண்டில் ஒரு சின்னக் கூம்பு தைத்துப் புனலுக்குள் இறக்கினேன். இலை நின்றுவிட்டது. சிலந்திக்கு மாதம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்.

கருவி என்றால் ஏமாற்றும், பெரிய கருவியும் ஏமாற்றும் என்பதற்கு இன்னொன்று. ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் 2021 ஜூலை 14 இரவு வந்த வெள்ளத்தில், அல்டெனார் என்ற ஊரில் ஆற்றின் மட்டத்தை அளந்துகொண்டிருந்த நிலையத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதற்கு முன் அங்கே பதிவான அதிக மட்டம் 2016-ல் 3.71 மீட்டர். அந்த இரவு அதையெல்லாம் தாண்டிப் போய், எண் வருவதே நின்றுவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். எண் வரவில்லை என்பதும் ஒரு செய்திதான். இப்போதெல்லாம் டிஸ்பிளேயில் கோடு கோடாக வந்தால் நான் அலாரம் அடித்த மாதிரியே எடுத்துக்கொள்கிறேன்.

பதினான்காம் மாதம் புனல் பெட்டியின் பேட்டரி ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது. மூடியின் ரப்பர் வளையம் தடிமன் போதாது, ஈரம் உள்ளே போகிறது. மணல்காகிதம் போட்டுத் தேய்த்துக் கொஞ்சம் வாஸ்லின் தடவியிருக்கிறேன். வெளியில் மழையிலேயே நிற்க வேண்டிய பொருளுக்கு மழை ஆகவில்லை என்பது வேடிக்கைதான். டிஸ்பிளே பற்றிக் குறை ஒன்றும் இல்லை. எண்கள் பெரிது, எட்டடி தள்ளி மிஷினில் உட்கார்ந்தபடியே தெரிகிறது. அலாரம் சத்தம் போதும். அணைக்க எந்தப் பொத்தானை அழுத்தினாலும் போதும் என்பது நல்லது. அதையே தூக்கக் கலக்கத்தில் நினைத்துப் பார்த்தால் அவ்வளவு நல்லதில்லை.

இதில் இல்லாத ஒரு வசதியை நான் நோட்டில் செய்துகொள்கிறேன். கடந்த ஐந்து நாள் மழையைக் கூட்டித் தினமும் காலையில் ஓர் எண். டிஸ்பிளே நேற்று, இந்த வாரம், இந்த மாதம் என்று காட்டும். வாரம் என்றால் திங்கள்கிழமை பிறந்ததும் சுழியத்திலிருந்து தொடங்கும், எனக்கு அது உதவாது. ஐந்து நாளாக நனைந்து ஊறிய மண்ணில் 50 மி.மீ. விழுந்தால் பெரும்பகுதி ஓடி வரும். இடைவிட்டுப் பெய்து மண்ணில் இடம் இருந்தால் பாதிக்கு மேல் உள்ளே போகும். நெடுநாள் காய்ந்து ஓடு போல இறுகிய மண் இன்னொரு தினுசு, முதல் மழையை உள்ளே விடவே விடாது. ஐந்து நாள் கூட்டல் நூறைத் தாண்டினால் அலாரத்தை 30-லிருந்து 20-க்கு இறக்கிவிடுகிறேன். இது எந்த நிபுணரும் சொன்னதில்லை, எங்கள் தெருவுக்கு என் கை அளவு.

ஆற்றுக்கு இந்தப் பெட்டியை நான் பார்ப்பதே இல்லை. மேல்பக்கம் உள்ள நீர்மட்ட நிலையத்தின் அளவு மணிக்கு ஒருமுறை இணையத்தில் வருகிறது. மட்டம் எவ்வளவு என்பதைவிட, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பேன். பத்து செ.மீ. ஏறினால் வேலையைப் பார்ப்பேன். நாற்பது ஏறினால் துணியை ஏற்றுவேன். அணை திறப்பு அறிவிப்பும் அதே பக்கத்தில் வந்துவிடுகிறது. பாலத்துத் தூணில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு போட்ட அளவுகோலை நடந்து போகும்போது பார்த்துக்கொள்வேன்.

நட்சத்திரம் கேட்பார்கள். மூன்று. ஒன்று அந்த இருபது நிமிடத்துக்கு, ஒன்று புரிகிற இயந்திரமாக இருப்பதற்கு, ஒன்று டிஸ்பிளேவுக்கு. பெட்டியின் மேல் போட்ட பொய் வாக்கியத்துக்கும், வாய் அடைத்துக்கொண்டால் சொல்லாத குணத்துக்கும் ஒவ்வொன்று கழித்துவிட்டேன். வடிகால் சரியில்லாத தெருவில் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் வாங்கலாம். ஆற்றுக்குப் பயந்து வாங்குகிறவர்கள் வேண்டாம். இல்லை, வாங்கியே தீருவோம் என்றால் மேல்பக்கம் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் மாட்டுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன ஊர்ப் பயணத்தில் பேட்டரி இல்லாத உருளைமானி ஒன்றை அண்ணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் முதலில், "எனக்கு எதுக்கும்மா இது?" என்று பரணில் வைத்துவிட்டார்கள். அண்ணன்தான் எடுத்து முருங்கைக்குத் தள்ளிக் கம்பத்தில் கட்டினார். இப்போது காலை ஏழு மணிக்கு அண்ணியே போன் செய்கிறார்கள். எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. ஒரு நாள் நான் எடுக்கத் தாமதமானால், "உனக்காகத்தானே நனைஞ்சுட்டுப் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று கோபம் வேறு.

இன்று காலை என் டிஸ்பிளேயில் 0.4. அண்ணி 112 என்றார்கள், ராத்திரி இரண்டு முறை குழாயைக் கொட்டிவிட்டு அளந்தார்களாம். மேல் நிலையத்தில் மட்டம் மணிக்கு முப்பத்தைந்து ஏறிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தட்டைக் காலி செய்துவிட்டு, மோட்டார்களைப் பரணில் வைத்துவிட்டு, மேல்மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே நல்ல வெயில்.